படத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்: கணிதப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழகக் கணிதப் பாடத்திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் நான் சிவில் பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில், அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். முதலாண்டில் நீங்கள் வகுத்திருக்கும் பல்மாறி நுண்கணிதப் பாடத்தில் (ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகளைக் கொண்ட சார்புகளின் கணிதம்) முதல் முயற்சியில் தோற்று, அரியர் வைத்து, அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன். இப்போது விடுதியில் முதலாண்டுத் தங்கைகளுக்கு மாலை வேளைகளில் அதே பாடத்தைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பாடத்திட்டத் திருத்தம் நடந்துகொண்டிருப்பதாக ஆசிரியர்கள் பேசிக்கொள்ளக் கேட்டதால் இந்த மடலை எழுதத் துணிந்தேன். நான் கேட்பது ஒரே ஒரு மாற்றம்தான். இரட்டைத் தொகையீடு, மும்மைத் தொகையீடு, பெருமம் சிறுமம் ஆகிய பகுதிகளிலிருந்து வரும் ஒவ்வொரு பெரிய வினாவிலும் படம் வரைவதற்கென்று தனி மதிப்பெண் ஒதுக்குங்கள்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு நீளமான மடலா என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் எப்படித் தோற்றேன் என்பதைச் சொன்னால் அது அவ்வளவு சிறிய விஷயமில்லை என்பது விளங்கும்.

முதல் பருவத் தேர்வில் தொகையிடும் வரிசையை மாற்றி மதிப்புக் காணச் சொல்லி ஒரு பதின்மூன்று மதிப்பெண் வினா வந்தது. உள்தொகையீட்டில் ஒய்யின் எல்லைகள் எக்ஸ் முதல் 1 வரை. வெளித்தொகையீட்டில் எக்ஸின் எல்லைகள் 0 முதல் 1 வரை. தொகையிட வேண்டிய சார்பு, ஈ என்ற மாறிலியின் அடுக்கில் ஒய் வர்க்கம். அந்தச் சார்பை ஒய்யைப் பொறுத்து நேரடியாகத் தொகையிட முடியாது என்பது எனக்குத் தெரியும்; வரிசையை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். எனவே மாற்றினேன். எப்படி மாற்றினேன் தெரியுமா? உள்ளே இருந்த எல்லைகளைத் தூக்கி வெளியே வைத்தேன், வெளியே இருந்தவற்றை உள்ளே வைத்தேன். வீட்டில் முன்னறைக் கட்டிலைப் பின்னறைக்கும் பின்னறைக் கட்டிலை முன்னறைக்கும் மாற்றிப் போடுவதைப் போல. எக்ஸைப் பொறுத்து முதலில் தொகையிட்டதும் ஈ-யின் அடுக்கில் ஒய் வர்க்கம் அப்படியே திரும்பி வந்து நின்றது. வெளியே இருந்த எல்லையில் எக்ஸ் வேறு உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கங்களும் எண்களாக இருக்க வேண்டிய ஒரு கணக்கின் இறுதி விடையில் எக்ஸ் எஞ்சி நிற்கும் என்பதுகூட எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. இருபது நிமிடம் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, எதையோ எழுதி முடித்துத் தாளைப் புரட்டினேன்.

அன்று நான் ஒரு முக்கோணம் வரைந்திருந்தால் போதும். ஆதிப்புள்ளியிலிருந்து மூலைவிட்டமாக ஒரு கோடு, ஒய் அச்சு, உயரம் 1-இல் ஒரு கிடைக்கோடு. இவை மூன்றுக்கும் இடைப்பட்ட பகுதிதான் கணக்கின் களம். அதைச் செங்குத்துக் கீற்றுகளாக நறுக்கினால் கேள்வியில் கொடுத்திருந்த வரிசை; கிடைக்கீற்றுகளாக நறுக்கினால் எக்ஸ் 0 முதல் ஒய் வரை போகும், ஒய் 0 முதல் 1 வரை போகும். உள்தொகையீடு முடிந்ததும் ஈ அடுக்கு ஒய் வர்க்கத்துக்கு முன்னால் ஓர் ஒய் தானாக வந்து நிற்கும். அந்த ஒய் வந்ததும் பூட்டு திறந்துவிடும். விடை, ஈ-யிலிருந்து 1-ஐக் கழித்துப் பாதியாக்கினால் கிடைப்பது. முழுக் கணக்கும் நான்கு வரி. முக்கோணம் வரைய எனக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்பிலிருந்து வரைந்து வருகிறேன். ஆனால் அந்த வினாவுக்கு ஒரு களம் உண்டு, அது தாளில் வரையக்கூடிய ஓர் இடம் என்பதே அந்தப் பருவம் முழுவதும் என் மனத்தில் ஏறவில்லை. எல்லைகள் என்பவை எனக்குத் தொகையீட்டுக் குறியின் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் எழுத்துகள், அவ்வளவுதான்.

இதற்காக என் ஆசிரியரைக் குறைசொல்ல மாட்டேன். ஐந்து அலகுகள், அலகுக்குப் பன்னிரண்டு வகுப்புகள், எதிரே அறுபது பேர், முடிவில் தேர்ச்சி விழுக்காடு என்ற ஒரே அளவுகோலோடு அவரைக் கேள்வி கேட்கும் நிர்வாகம். அவர் கரும்பலகையில் ஒரு முறை களத்தை வரைந்துகாட்டியது எனக்கு நினைவிருக்கிறது. வரைந்துவிட்டு, "இது உங்களுக்குப் புரிவதற்காக, தேர்வில் வரைய வேண்டிய அவசியமில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அறுபது பேனாக்களும் மூடிக்கொண்டன. மைய மதிப்பீட்டு முகாமுக்குப் போய்வரும் வேறொரு ஆசிரியரிடம் பின்னாளில் கேட்டபோது, விடைக்குறிப்பில் எல்லைகளுக்கு இவ்வளவு, தொகையீட்டுப் படிகளுக்கு இவ்வளவு, விடைக்கு இவ்வளவு என்று பிரித்திருப்பார்களே தவிரப் படத்துக்கென்று அவர் பார்த்தவரையில் ஒன்றும் இருந்ததில்லை என்றார். எங்கள் பக்கத்தில் கணக்கு எளிது: மதிப்பெண் இல்லாததை வினாவங்கி சேர்க்காது, வினாவங்கியில் இல்லாததை மாணவர் தொடமாட்டார். இரண்டாம் முறை நான் தேறியதும் அப்படித்தான். பத்து ஆண்டு வினாத்தாள்களைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் கணக்குகளைப் பொறுக்கியெடுத்து, எந்த எல்லை எதுவாக மாறும் என்பதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன். தேறினேன். களம் அப்போதும் கண்ணில் படவில்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒரு வேடிக்கை உண்டு. அதே முதலாண்டில், அதே கட்டடத்தின் மாடியில், பொறியியல் வரைபடப் பாடத்துக்காக மினி டிராஃப்டரைப் பலகையில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றபடி உருளையையும் கூம்பையும் வரைந்துகொண்டிருந்தோம். கூம்பை ஒரு தளம் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் எப்படி இருக்கும், முன்தோற்றம் என்ன, மேல்தோற்றம் என்ன என்று கோட்டுக்குக் கோடு மதிப்பெண் வாங்கினோம். கீழ்த்தளத்துக்கு இறங்கிக் கணித வகுப்புக்கு வந்தால், அதே உருளையும் அதே கூம்பும் சமன்பாடுகளாக வந்து நிற்கும். யாரும் அவற்றை வரைய மாட்டார்கள். மாடியில் பார்த்த உருளையும் கீழே பார்த்த உருளையும் ஒன்றே என்று எங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். நம் வினாத்தாள்களில் பழம்பெரும் கணக்கு அது. ஒரே ஆரமுள்ள இரண்டு உருளைகள் ஒன்றையொன்று செங்குத்தாக ஊடுருவுகின்றன; இரண்டுக்கும் பொதுவான பகுதியின் கன அளவு காண்க. விடையை எங்கள் விடுதியில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: "சிக்ஸ்டீன் ஏ கியூப் பை த்ரீ." அதாவது ஆரத்தின் கனத்தைப் பதினாறால் பெருக்கி மூன்றால் வகுத்தால் வருவது. ஆனால் அந்தப் பொதுப்பகுதி எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒருவரும் வாய்திறக்க மாட்டார்கள். கடந்த பருவத்தில் ஒரு தங்கை, "அக்கா, அது உருண்டையா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. தேறியவள், சொல்லிக்கொடுப்பவள், எனக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் ஊரிலிருந்து திரும்பும்போது வயலிலிருந்து ஒரு பை களிமண் கொண்டுவந்தேன். உள்விட்டம் 4 சென்டிமீட்டர் உள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் பிளம்பர் அண்ணனிடம் வாங்கி, அதற்குள் களிமண்ணை அடைத்து, பின்னாலிருந்து தள்ளினோம். வழவழப்பான ஓர் உருளை வெளியே வந்தது. அதைப் படுக்கவைத்து, அதே குழாயை அதன் நடுவில் குறுக்காக வைத்து அழுத்தி, மறுபக்கம்வரை இறக்கினோம். குழாய்க்குள் மாட்டிக்கொண்ட மண்ணை மெல்ல வெளியே தள்ளினால், அதுதான் அந்தப் பொதுப்பகுதி. உருண்டை இல்லை. வளைந்த முகங்கள் நான்கு, அவை சந்திக்கும் இடங்களில் கூரான விளிம்புகள். முன்னாலிருந்து பார்த்தால் வட்டம், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வட்டம், மேலிருந்து பார்த்தால் அப்பட்டமான சதுரம். மாடியில் மூன்று தோற்றங்களையும் வரையப் பழகியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது? கத்தியால் கிடையாகச் சீவிக் காட்டினேன். எந்த உயரத்தில் சீவினாலும் வெட்டுமுகம் சதுரமாகவே வந்தது. உருளைகளால் ஆன ஓர் உருவத்தின் கன அளவில் வட்டத்துக்கே உரிய பை என்ற மாறிலி ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு அந்தச் சதுரச் சீவல்கள்தாம் விடை. மும்மைத் தொகையீட்டில் நாங்கள் இயந்திரம் போல எழுதிவந்த எல்லைகள் அந்தச் சதுரங்களின் பக்கங்கள்.

அதோடு விடவில்லை. அதே மண்ணில் 4 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம் செய்து, புதிதாக இன்னொரு பொதுப்பகுதியும் குழாயில் வெட்டி, இரண்டையும் சமையலறை எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். கனசதுரம் 118 கிராம். எங்கள் உருவம் 77 கிராம். கன அளவு கனசதுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது கணக்கு. அப்படியானால் 79 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்திருக்க வேண்டும். மீதி எங்கள் விரல்களில் ஒட்டியிருந்தது. இந்த மூன்றில் இரண்டு என்ற உறவை ஆர்க்கிமிடீஸ், தொகை நுண்கணிதம் பிறப்பதற்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். அவரும் உருவத்தைச் சீவல் சீவலாக நறுக்கி, மனத்தராசில் நிறுத்துப் பார்க்கும் வழியைத்தான் கையாண்டார் என்று பின்னர் படித்தபோது, விடுதிச் சமையலறையில் நாங்கள் செய்தது அவ்வளவு கேலிக்குரிய வேலை இல்லை என்று தெரிந்தது.

களம் கண்ணில் பட்டால் கணக்கு தானாக நடக்கும் என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது நில அளவை முகாம். கல்லூரிக்குப் பின்னாலுள்ள சரிவில் ஐந்து மீட்டர் இடைவெளியில் சதுரக் கட்டங்கள் அடித்து, ஒவ்வொரு மூலையிலும் அளவுகோலை நிறுத்தி, ஆட்டோ லெவலில் உயரம் பார்த்து, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை அரை மீட்டருக்கு ஒன்றாக வரைந்தோம். இரண்டு மாறிகளைக் கொண்ட சார்பு ஒன்றை நான் முதன்முதலாகக் காலால் மிதித்து நடந்தது அன்றைக்குத்தான். கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை மீட்டர் என்று சொன்னால் உயரம் என்ற ஒரே ஓர் எண் கிடைக்கிறது அல்லவா? ஒரு கோட்டைச் சுண்ணாம்புப் பொடியால் தரையிலும் போட்டிருந்தோம். ஆய்வகத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், பள்ளிப்படிப்போடு நின்றவர், "தண்ணி எந்தப் பக்கம் ஓடும், சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த பாட்டிலைக் கோட்டின்மேல் கவிழ்த்தார். தண்ணீர் கோட்டைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு கீழே ஓடியது. கிரேடியன்ட் சமமட்டப் பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும் என்று இரண்டு மதிப்பெண் வினாவுக்கு நான் எழுதிய விடை, சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஈரமாகக் கிடந்தது. தண்ணீர் ஓடியதற்கு நேர் எதிர்த்திசைதான் கிரேடியன்ட்; அதாவது மேடு மிக வேகமாக ஏறும் திசை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கண்ணெதிரிலேயே நிற்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சாலை போட்டவர்களுக்கு மலையை நேராக ஏறத் தெரியாமல் அவ்வளவு வளைத்துவிடவில்லை. மலைச்சரிவு ஓரிடத்தில் பத்து மீட்டருக்கு நான்கு மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேருந்து ஏற வேண்டுமானால் சாலை இருபது மீட்டருக்கு ஒரு மீட்டருக்குமேல் ஏறக்கூடாது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு திசையில் போனால் உயரம் எவ்வளவு வேகமாக மாறும் என்று சொல்லும் திசைசார் வகைக்கெழுவுக்கான சூத்திரத்தில் இந்த இரண்டு எண்களையும் போட்டால், சாலை சமவுயரக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை மட்டுமே விலகிப் போகலாம் என்று வரும். மலையின் பக்கவாட்டிலேயே கிட்டத்தட்டக் கிடையாக ஊர்ந்துகொண்டிருந்தால் உச்சிக்கு எப்படிப் போவது? சரிவு முடியும் இடத்தில் திரும்ப வேண்டும். மறுபடியும் 7 பாகை, மறுபடியும் திரும்பல். எழுபது வளைவுகளையும் சிறுவயதிலிருந்து எண்ணிக்கொண்டே ஏறியிருக்கிறேன். அவை ஒரு கோசைன் மதிப்பின் விளைவு என்று பல்கலைக்கழகப் பாடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு நிபந்தனைக்குள் பெருமமோ சிறுமமோ காண உதவும் லெக்ராஞ்சியின் பெருக்கியும் அதே சாலையில்தான் இருக்கிறது. நாங்கள் அதை, மேல்மூடி இல்லாத, 32 கன அடி கொள்ளளவுள்ள பெட்டிக்கு மிகக் குறைந்த பரப்பில் தகடு வெட்டும் கணக்காக மட்டுமே அறிவோம். நீளம் 4, அகலம் 4, உயரம் 2 என்று விடையும் மனப்பாடம். லாம்டா என்ற எழுத்து எதற்காக வருகிறது என்று கேட்டால், "வரும், போட்டுக்கொள், கடைசியில் போய்விடும்" என்பதே சீனியர்களின் உபதேசம். நானும் அதையே தங்கைகளுக்குச் சொன்னேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இந்திய நில அளவைத் துறையின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுள்ள வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு பழுப்பு நிறத்தில் போட்டிருப்பார்கள். மலைச்சாலை ஒன்றை அதில் விரலால் தொடர்ந்து போனால், சாலை ஏறும் இடங்களில் கோடுகளை வெட்டிக்கொண்டே போகும். ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் மிக உயர்ந்த புள்ளியில் மட்டும் அந்த உயரத்துக்கான கோட்டை வெட்டாமல் தொட்டுக்கொண்டு போகும். வெட்டினால் அப்பாலும் ஏற்றம் இருக்கிறது என்று பொருள். சாலையும் சமவுயரக் கோடும் ஒன்றையொன்று தொடும்போது அவற்றின் செங்குத்துகள் ஒரே நேர்கோட்டில் அமையும். ஒன்று மற்றொன்றின் மடங்காக இருக்கும். அந்த மடங்குதான் லாம்டா. இதைச் சொல்ல ஒரு படமும் ஐந்து நிமிடமும் போதும். படம் இல்லாமல் சொல்ல ஒரு பருவம் போதாது.

பெருமமும் இல்லாமல் சிறுமமும் இல்லாமல் நிற்கும் புள்ளிக்குச் சேணப் புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறோம். குதிரையேறிய நாட்டில் பிறந்த பெயர் அது. எங்கள் வகுப்பில் சேணத்தை நேரில் பார்த்தவர் எவருமில்லை; கணவாயைப் பார்த்தவர்கள் பலர். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகிறவருக்கு அந்தக் கணவாய்தான் வழியிலேயே உயரமான இடம். மலைமுகட்டின் மேலேயே நடந்துவருகிறவருக்கோ அதுதான் தாழ்வான இடம். புள்ளி எந்த வகை என்று சோதிக்க நாங்கள் கணக்கிடும் "ஆர்டி மைனஸ் எஸ் ஸ்கொயர்" குறையெண்ணாக வந்தால் என்ன பொருள் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? கணவாய்ப் புள்ளி என்று பெயரை மாற்றினால்கூட நல்லது என்பேன். அது என் தனிப்பட்ட ஆசை, கோரிக்கையில் சேர்க்கவில்லை.

பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் பகுதி வகைக்கெழுக்களுக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இரண்டு மாறிகளின் சார்பு, அதன் எல்லை, தொடர்ச்சி, சங்கிலி விதி, சமபடித்தான சார்புகள், ஆய்லர் தேற்றம் எல்லாம் அதில் உண்டு. நான் அதைத் தமிழில் படித்து, தமிழில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். கல்லூரியில் மூன்றாம் அலகு தொடங்கி ஆசிரியர் கரும்பலகையில் ஆங்கிலத் தலைப்பை எழுதியபோது, அது எனக்குத் தெரிந்த பாடம் என்று அடையாளம் காணவே இரண்டு வாரம் பிடித்தது. வளைந்த டி போன்ற அந்தக் குறியைப் பார்த்த பிறகுதான், அட, இது பகுதி வகைக்கெழு அல்லவா என்று மனம் துள்ளியது. குறிக்கு மொழியில்லை, அதனால் என்னைக் காப்பாற்றியது. படத்துக்கும் மொழியில்லை. தமிழ்வழியில் படித்துவரும் மாணவருக்கு, ஆங்கிலத் தொடர்களுக்கு நடுவே ஒரு வரைபடம் கொடுக்கும் துணிவை, ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்களால் எளிதில் உணர முடியாது. பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் நாற்பது ஐம்பது சொற்களுக்குத் தமிழ் இணைகளை அச்சிட்டுக் கொடுத்தால் அந்த இரண்டு வாரமும் மிச்சமாகும். அதற்குச் செலவு ஒரு தாள்.

என் கோரிக்கைக்கு என்னென்ன மறுப்புகள் வரும் என்று ஆசிரியர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களில் படத்தைத் திருத்துவது கடினம், ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும் என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் இயற்பியலிலும் உயிரியலிலும் லட்சக்கணக்கான படங்களைத் திருத்துகிறார்களே? எல்லைக்கோடுகள் சரியா, வெட்டும் புள்ளிகள் குறிக்கப்பட்டுள்ளனவா, கீற்று எந்தத் திசையில் என்று மூன்றே செய்திகளைப் பார்த்து மூன்று மதிப்பெண் போடுவது, நான்கு பக்கத் தொகையீட்டில் எந்த வரியில் குறி மாறியது என்று தேடுவதைவிடக் கடினமா என்ன? அழகாக வரையச் சொல்லவில்லை, அளவுகோல்கூட வேண்டாம். பதின்மூன்றில் மூன்று என்று வைத்துப் பாருங்கள்; தொகையீட்டில் தடுமாறும் மாணவர் ஒருவருக்குக் களத்தையாவது சரியாகக் கண்டதற்குப் பலன் கிடைக்கும்.

கைப்பேசியில் ஜியோஜீப்ரா செயலியைத் திறந்தால் முப்பரிமாணப் பரப்புகளைச் சுழற்றியே பார்க்கலாமே, கையால் எதற்கு வரைய வேண்டும் என்றும் ஒருவர் கேட்டார். நானும் அதைப் பயன்படுத்துகிறேன். இலவசம், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் திரையில் பரப்பு தானாகச் சுழலும்போது எல்லாம் புரிந்தது போலத்தான் இருக்கும். கோட்டை நாமே இழுக்கும்போதுதான் அது எங்கே போய் எதை வெட்டுகிறது என்ற கேள்வி எழும். வகுப்பில் திரையில் காட்டட்டும், தேர்வில் கையால் வரையட்டும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. சில கணக்குகளைக் குறைக்கலாம் என்பது என் கருத்து. உருளைகளின் பொதுப்பகுதியைத் தொட மாட்டேன்; அது பொன். ஆனால் கூட்டல் ஒரு பக்கமும் கழித்தல் மறுபக்கமுமாக உள்ள பின்னத்துக்குத் தலைகீழ் டேன்ஜென்ட் எடுத்து, ஆய்லர் தேற்றத்தைப் பயன்படுத்திக் கடைசியில் சைன் இரண்டு யூ என்று முடியும் கணக்கை ஆண்டுதோறும் எண் மாற்றிக் கேட்பதால் யாருக்கு என்ன பயன்? அந்த வித்தையைப் பள்ளியிலேயே செய்துவிட்டுத்தான் வருகிறோம். அதுபோல ஐந்தாறு வகுப்புகளை மிச்சப்படுத்தினால், களம் வரையவும் சமவுயரக் கோடுகளைப் படிக்கவும் தாராளமாக நேரம் கிடைக்கும். செயற்கை நுண்ணறிவுப் படிப்புகளில் சேர்ந்திருக்கும் எங்கள் வயதுத் தோழிகளுக்கு இது இன்னும் அவசரம். இயந்திரக் கற்றலில் பிழையைக் குறைக்க அவர்கள் நாள்தோறும் இயக்கும் வழிமுறை, கிரேடியன்ட்டுக்கு எதிர்த்திசையில் அடிமேல் அடியாக இறங்குவதுதான். பிரெஞ்சுக் கணிதவியலர் கோஷி 1847-லேயே எழுதியது. அண்ணன் கவிழ்த்த பாட்டில் தண்ணீர் செய்ததும் அதையேதான்.

வினாத்தாளை மாற்றுவதால் பாடம் மாறிவிடுமா என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழலாம். ஒரு பரப்பின் மீதான தொகையீட்டை அதன் விளிம்பின் மீதான தொகையீட்டோடு இணைக்கும், இரண்டாம் பருவத்தில் நாங்கள் படிக்கும் ஸ்டோக்ஸ் தேற்றம் முதன்முதலில் அச்சேறியது ஆய்வுக் கட்டுரையில் அன்று. 1854-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்மித் பரிசுக்காக நடந்த தேர்வின் வினாத்தாளில், நிறுவுக என்ற கேள்வியாக. கேள்வி போட்டவர் ஸ்டோக்ஸ். தேற்றத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குக் கடிதத்தில் எழுதியிருந்தவர், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன். அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்காந்தவியலை அவர் பின்னர் எந்தக் கணிதத்தில் எழுதினார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த பாடத்திட்டத்தோடு மாதிரி வினாத்தாள் ஒன்றையும் வெளியிடுவீர்கள். அதில் ஒரு வினாவின் கீழாவது, "தொகையிடும் களத்தை வரைக, மதிப்பெண் 3" என்று அச்சாகியிருந்தால், அந்த மாதமே வினாவங்கிகளில் முக்கோணங்களும் வட்டத்துண்டுகளும் முளைத்துவிடும் என்பதற்கு நான் உத்தரவாதம். நாங்கள் குழாயில் முதலில் வெட்டிய களிமண் உருவம் விடுதி ஜன்னல் திண்டில் காய்ந்து, ஒரு விளிம்பில் மட்டும் சற்றே வெடித்துக் கிடக்கிறது. குழுவின் கூட்டத்தில் வைத்துப் பார்க்க விரும்பினால் சொல்லியனுப்புங்கள். பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிவில் பொறியியல் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி